பின்னாடி ஏதாவது வைங்க

ஜூன் 9, திங்கள்

மை கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஐந்து மாதமாகக் கடையில் பிரிண்டிங் மெஷின் ஆடாமலிருக்க அதன் காலுக்கடியில் முட்டுக் கொடுத்திருந்தேன். இன்று உருவி எடுத்து வந்துவிட்டேன். மெஷின் ஆடுகிறது. ஆடட்டும். வீட்டில் பேச ஆளில்லாதவன் எழுதத்தானே வேண்டும்.

ஆளில்லை என்பது பொய். மனைவி பிரமு இருக்கிறாள். ஆனால் பத்து நாளாக என்னிடம் நேராகப் பேசுவதில்லை. ஹாலில் உள்ள மீன் தொட்டியிடம் பேசுகிறாள்.

"மீனே, இட்லி ஆறிப்போவுது. வேணும்னா வந்து திங்கச் சொல்லு."

மீன் எதுவும் சொல்வதில்லை. நானாகப் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

தொட்டி எங்கள் மகள் வடிவினுடையது. மூன்றடி நீளம், உள்ளே ஐந்து ஏஞ்சல் மீன்கள். வடிவு மதுரைக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வேலை விஷயமாக. தானே எழுதிக் கொடுத்து வாங்கிய மாற்றல் என்றாலும் வேலை விஷயம் வேலை விஷயம்தான். போகும்போது தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனாள்: "ரெண்டு வேளை, ஒரு சிட்டிகை. பின்னாடி ஏதாவது வைங்க. மீன் பயப்படுது."

யாருக்கு என்று பெயர் போடவில்லை. ஆனால் பேக்ரவுண்ட் வைப்பது இந்த வீட்டில் யார் தொழில்? இருபத்திரண்டு வருஷமாக ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறேன். பூப்புனித நீராட்டுக்குத் தாமரைக் குளம், கல்யாணத்துக்கு சுவிட்சர்லாந்து, கண்ணீர் அஞ்சலிக்கு மேகமும் இரண்டு புறாவும். வீரவநல்லூரைத் தாண்டாதவர்களை எல்லாம் பனிமலை முன்னால் நிறுத்தியிருக்கிறேன். ஐந்து மீனுக்குப் பின்னால் ஒன்று வைக்க முடியாதா என்ன?

ஜூன் 11, புதன்

கவனித்துப் பார்த்தேன். தொட்டி கிழக்கு ஜன்னலை ஒட்டி இருக்கிறது. சந்தில் யார் நடந்தாலும் நிழல் பின் கண்ணாடியில் விழுகிறது. உடனே ஐந்தும் ஃபில்டருக்குப் பின்னால் ஓடிவிடுகின்றன. தீனி போட்டுவிட்டு நான் நின்றாலும் வருவதில்லை. நான் நகர்ந்த பிறகுதான் வந்து சாப்பிடுகின்றன.

வடிவும் கடைசி நாட்களில் அப்படித்தான் சாப்பிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

குற்றாலம் மெயின் அருவி. சீசன் நேரத்தில் எடுத்த படம், நல்ல தெளிவு. குளித்துக்கொண்டிருந்த முப்பது பேரையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு அருவியை மட்டும் வைத்தேன். என் பெயரே குற்றாலிங்கம். இதைவிடப் பொருத்தம் வேறென்ன? தப்பாக அடித்து மூலையில் கிடந்த பழைய பேனர் ஒன்றின் வெள்ளைப் பக்கத்தில் பிரிண்ட் எடுத்துத் தொட்டிக்குப் பின்னால் ஒட்டினேன். சாயங்காலம் பார்க்கப் பிரமாதம். அருவியில் மீன் பறக்கிறது. பிரமுகூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

ஜூன் 13, வெள்ளி

காலை ஏழு மணிக்குப் பிரமு போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் குக்கரை அணைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

ஜன்னல் வழியே வெயில் வந்ததும் பேனரின் மறுபக்கம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அருவிக்கு நடுவில் பெரிய மீசை வைத்த ஒருவர். தலைக்கு மேல் "கண்ணீர் அஞ்சலி", இடவலம் மாறி. தோற்றம், மறைவு இரண்டு தேதியும் உண்டு. மறைவை முந்தின வருஷமாக அடித்துவிட்டோம் என்றுதான் அந்தக் குடும்பத்தார் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து மீனும் அவர் மீசையை விட்டுத் தள்ளி ஒரே மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தன.

"மீனே, வெள்ளிக்கெழமையும் அதுவுமா நடுவீட்டுல எழவு பேனர் வைக்கிற ஆள எங்கயாவது பாத்திருக்கியா?"

மீன் பார்த்திருக்காது.

ஜூன் 15, ஞாயிறு

வண்ணார்பேட்டையில் ஒரு வண்ண மீன் கடைக்குப் போனேன். எங்கள் டவுனிலேயே அடுத்த தெருவில் ஒன்று உண்டு. ஆனால் அங்கே வண்டி நிறுத்த வசதி போதாது.

கடைக்காரனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். முழங்கை வரை ஈரம். நெற்றியில் திருநீறு இல்லை. கழுத்தில் சிலுவையும் இல்லை. சாமி படம் மாட்டும் இடத்தில் மீன் தீனி கம்பெனி காலண்டர். ஒரு மனிதன் இப்படியா ஒரு தடயமும் இல்லாமல் இருப்பது?

"சார் பேரு?"

"அருணாசலம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது.

அவன் என்னையும் வாசலில் நின்ற என் வண்டியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சொல்லுங்க அருணாசலம் சார்" என்றான்.

பவளப்பாறை போட்ட போஸ்டர் ஒன்றைக் காட்டிக் கேட்டேன். "அது கடலு சார். ஏஞ்சல் ஆத்து மீனு" என்றான். இருக்கட்டும் என்று வாங்கி வந்தேன். ஒருத்தன் சொல்லி நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

ஜூன் 16, திங்கள்

போஸ்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று நின்று, திட்டுத் திட்டாகத் தேமல் வந்த மாதிரி தெரிகிறது. கேட்பதற்காக மறுபடி கடைக்குப் போனேன். போனில் கேட்டிருக்கலாம். நேரில் கேட்டால் தெளிவாக இருக்கும்.

"கண்ணாடில லேசா எண்ணெய் தடவி ஒட்டுங்க சார். லேசா."

ஜூன் 17, செவ்வாய்

தேங்காயெண்ணெய். லேசாகத்தான் தடவினேன், கால் பாட்டில். காலையில் ஜன்னலிலிருந்து தொட்டி வரை எறும்பு வரிசை. பவளப்பாறை பூராவும் எறும்பு.

இன்றும் கடைக்குப் போனேன். எறும்பைப் பற்றி ஒருவரிடம் சொல்ல வேண்டுமே. அவன் கடையில் இல்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடை அம்மா இரண்டு கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி மாசத்துல ஒரு நாள் இல்லத்துக்குப் போயிருவான். அங்க உள்ள புள்ளைங்களுக்குத் தொட்டி கழுவிக் குடுக்க" என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

ஜூன் 18, புதன்

டைரியிடமும் மறைத்தால் பிறகு எதற்கு டைரி? எழுதிவிடுகிறேன்.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வடிவு என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, நான் ஒருத்தர விரும்புதேன். பேரு மாசிலாமணி. வண்ணார்பேட்டையில மீன் கடை வச்சிருக்கார்."

மீன் கடை. நாங்கள் சைவம். முட்டை வந்த பைகூட இந்த வீட்டுப் படி ஏறாது. எனக்கு உடனே கண்ணில் தெரிந்தது வெட்டுக்கட்டை, அரிவாள், ஐஸ் பெட்டி, காலைச் சுற்றும் பூனை. அன்று நான் பேசியதை எல்லாம் எழுதப்போவதில்லை. "மீன் வெட்டுதவன்" என்பது அதில் மரியாதையான பகுதி. மூன்று நாள் கத்தினேன். அந்த மூன்று நாளும் ஹாலில் இந்தத் தொட்டி இருந்தது. அதில் மீன் இருந்தது. ஆறு மாதமாக இருக்கிறது. அதன் முன்னால் நின்றுதான் கத்தினேன். எனக்கு உறைக்கவில்லை.

நாலாம் நாள் பிரமு தொட்டியைக் கைகாட்டி, "இந்த மீனுங்க" என்றாள்.

அப்போதாவது அசடு வழிந்து சிரித்திருக்கலாம். மூன்று நாள் கத்தியவன் எப்படிச் சட்டென்று இறங்குவது? புதிதாக ஒன்றைப் பிடித்தேன். "சரி, அவன் பேக்ரவுண்ட் என்ன?"

"அவர் இல்லத்துல வளந்தவர். பெத்தவங்க யாருன்னு அவருக்கே தெரியாது" என்றாள் வடிவு. "அப்பா, நீங்க சம்மதிக்கிறது இருக்கட்டும். அவன் அவன்ங்காதிய. அவர்னு சொல்லுங்க."

"பேக்ரவுண்டே இல்லாதவனுக்கு என்னட்டி 'ர்' வேண்டிக்கெடக்கு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். மறுநாள் மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தாள்.

வண்ணார்பேட்டைக் கடைக்கு நான் போவது மீன் விஷயமாக மட்டுமே.

ஜூன் 24, செவ்வாய்

தீனி தீர்ந்துவிட்டது. வண்ணார்பேட்டை. (தீனி தீரவில்லை.)

கடையில் ஒரு சின்னப் பெண் தங்கமீன் கேட்டு அடம்பிடித்தது. "ஒங்க வீட்டுல தொட்டி இல்லயேம்மா. மொதல்ல தொட்டிக்குத் தண்ணி ஊத்தி ஒரு வாரம் வச்சிட்டு வா. இது ஒனக்குத்தான், யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று அந்த மீனைத் தனியாக எடுத்து வைத்தான். வியாபாரம் தெரியாதவன். அப்படித்தான் முதலில் எழுதினேன். நான் முந்தைய வருஷம் போட்டு அடித்த மறைவுத் தேதி ஞாபகம் வந்தது. வியாபாரம் தெரிந்தவனின் லட்சணம் அது.

ஜூன் 29, ஞாயிறு

வடிவின் அறையில் ஃபேனைத் துடைத்தேன். யாரும் சொல்லவில்லை. அவள் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் கால் பட்ட தரையையும் துடைத்தேன்.

மகள் குரலைக் கேட்டு முப்பது நாள் ஆகிறது. பிரமுவுக்கு தினமும் போன் வரும். அவள் கொல்லைப்புறம் போய்ப் பேசுவாள். நான் ஹாலில் மீனுக்குத் தீனி போடுகிற பாவனையில் காது கொடுத்துக்கொண்டு நிற்பேன். இன்று மீன் நாலு தடவை சாப்பிட்டுவிட்டது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வேறு அலங்காரமாக எழுதத் தெரியவில்லை.

ஜூலை 5, சனி

புதுத் திட்டம். தெர்மாகோலில் பாறை. ஜூலை 13 வடிவு பிறந்தநாள். அதற்குள் செய்து முடித்துப் படம் அனுப்புவேன். அதற்குப் பிறகும் பேசாமல் இருந்துவிடுவாளா?

யோசனை கேட்கப் போனேன். அவன் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

"செதுக்கி, மேல சிமெண்டு பூசுங்க அருணாசலம் சார். ஆனா சிமெண்டுல சுண்ணாம்பு இருக்கு. பத்து நாளாவது தண்ணில ஊறப்போட்டு மாத்தி மாத்தி ஊத்தணும். அப்புறம் தொட்டிக்குன்னு உள்ள சிலிகான் வச்சி ஒட்டி ரெண்டு நாள் தொடக்கூடாது. இல்லன்னா தெர்மாகோல் மெதந்து மேல வந்துரும்."

பத்தும் இரண்டும் பன்னிரண்டு. கையில் இருப்பது எட்டு. சுருக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கல்யாண பேனரை ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்தவன் நான்.

ஜூலை 8, செவ்வாய்

பாறை தயார். பிரமு மீனிடம், "புட்டு மாதிரி இருக்கு" என்றாள். அண்டாவில் ஊறுகிறது.

சிலிகான் வாங்கப் போனேன். அவன் இல்லை. ஜெராக்ஸ் கடை அம்மாவே எடுத்துக் கொடுத்தார். ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 12, சனி

காலையில் ஒட்டினேன். சாயங்காலம் தண்ணீர் ஊற்றி மீனை விட்டேன். கம்பீரமாக இருக்கிறது. நாளை வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குப் பாறை கழன்றது. மொத்தத் தெர்மாகோல் பலகையும் சாய்ந்து மேலே மிதந்து வந்துவிட்டது. மீன்களை எண்ணினேன். நாலு. ஐந்தாவது, வடிவு முதலில் வாங்கிய பெரிய கறுப்புக் கோட்டு மீன், பலகைக்கும் பின் கண்ணாடிக்கும் இடையில் மாட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. பலகையை இழுத்தால் அது நசுங்கும். விட்டால் மூச்சு முட்டும். மகள் பிறந்தநாள் அன்று மகள் மீனைக் கொன்ற அப்பனாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தேன்.

தீனி டப்பாவில் கடை நம்பர் இருந்தது. "தம்பி, அருணாசலம் பேசுதேன். மீன் மாட்டிக்கிட்டு. சீக்கிரம்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நிமிஷத்தில் வாசலில் வண்டிச் சத்தம். கையில் ஒரு கேன் தண்ணீரும் வலையும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். முதலில் டியூபைப் போட்டுத் தண்ணீரைப் பாதி இறக்கினான். பலகையின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு கையை வைத்து, மூச்சுவிடாமல், நூல் நூலாகச் சாய்த்தான். மற்றக் கையின் இரண்டு விரலை இடுக்கில் விட்டு மீனை ஒரு பக்கமாக ஒதுக்கினான். அது நழுவி வெளியே வந்தது. வால் ஓரம் கிழிந்திருந்தது. நீந்தியது.

"சிமெண்டுத் தண்ணி சார். ஒடனே மாத்திருவோம்" என்று அவனே மாற்றினான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பிரமு காபியோடு வந்தாள். "தம்பி, ஒங்களுக்குச் சீனி கம்மியாத்தான போட்டிருக்கேன். குடிங்க."

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. சீனி கம்மி என்று இவளுக்கு எப்படித் தெரியும்? அதைவிட, நான் விலாசம் சொல்லவே இல்லையே? இவன் இதற்கு முன்னாலும் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறான்.

"அருணாசலம் சாருக்கும் காபி குடுங்கம்மா" என்றான் அவன்.

"அருணாசலமா? அது யாரு?" என்றாள் பிரமு.

இனி நடிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும், என் வாய் அதன் பழக்கத்தை விடவில்லை. கேட்டேவிட்டேன்.

"தம்பி, ஒங்க பேக்ரவுண்ட் என்ன?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அது மட்டும் என்கிட்ட ஸ்டாக் இல்ல சார்."

கோபமாகச் சொல்லவில்லை. இல்லாத சரக்கைக் கேட்கிற வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரி, கொஞ்சம் வருத்தமாகச் சொன்னான். மாசிலாமணி என்பது இல்லத்து வார்டன் தன் அப்பா பெயரை வைத்ததாம். போகும்போது தொட்டியின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினான்.

"இதுக்கு ஒண்ணும் வைக்காதிய சார். வெளிப்பக்கக் கண்ணாடில கறுப்பு பெயிண்டு ரெண்டு கை அடிச்சிருங்க. நெழலும் விழாது. மீனு மட்டும் தெரியும்."

படம் அனுப்பவில்லை. என்ன படத்தை அனுப்புவது?

ஜூலை 16, புதன்

கறுப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் கறுப்புப் பின்னணி கேட்டு என் கடைக்கு வந்தவர்கள் எல்லாருமே துக்க வீட்டுக்காரர்கள். நடுவீட்டில் கறுப்பு அடிக்கச் சொல்கிறான். அவனைப் போய்...

எழுதிப் பாதியில் நிறுத்திவிட்டேன். அவனைப் போய் என்ன?

ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டது. கல்யாண பேனர் கிடையாது. கடையில் ஈ ஓட்டுகிறேன். வண்ணார்பேட்டைக்குப் போய்க் கிழிந்த வால் ஆறிவருகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு ஒரு நடை.

ஜூலை 24, வியாழன்

இன்று ஆடி அமாவாசை. நாளை வெள்ளி. இரண்டு நாளும் கறுப்பைத் தொடக்கூடாது என்று பிரமு மீனிடம் சொன்னாள். சனிக்கிழமை அடிக்கலாமாம். அதையும் மீனிடம்தான் சொன்னாள்.

என்ன பிரஷ் என்று கேட்கப் போனேன். "எந்த பிரஷ்னாலும் சரிதான் சார்" என்றான். அதற்கே நாங்கள் அரை மணி நேரம் பேசினோம்.

ஜூலை 26, சனி

இரண்டு கை அடித்தேன். தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கையை நுழைத்து அடித்ததில் என் முதுகிலும் ஒரு கை.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் வெயில் வந்தது. சந்தில் பால்காரர் போனார். நிழல் விழவில்லை. ஐந்தும் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தன. நான் நின்றுகொண்டிருந்தேன். ஓடவில்லை. தீனி போட்டேன், என் விரலுக்கு நேர் கீழே வந்து சாப்பிட்டன. செதிலில் இவ்வளவு வெள்ளி இருப்பதை ஏழு மாதத்தில் இன்றுதான் பார்க்கிறேன். அருவி, பவளப்பாறை, புட்டு எல்லாவற்றிலும் நான் என் பேக்ரவுண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மீனைப் பார்க்கவில்லை.

படம் எடுத்து வடிவுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நீல டிக் வந்தது, பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். பாதி வழியில் போன் அடித்தது. என் போன்.

"கறுப்பா? நீங்களாப்பா அடிச்சிய?"

இரண்டு மாதம். குரல் அப்படியேதான் இருந்தது. "ம்" என்றேன்.

"அருணாசலம் சார் எப்படி இருக்காவ?"

"ஏட்டி, ஒனக்கும் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். வண்டில பின்னாடி 'வடிவு டிஜிட்டல்ஸ்'னு ஒரு சாண் எழுத்துல ஒட்டி வச்சிக்கிட்டு, அந்தக் கடை வாசல்லயே நிறுத்தினா? ஆறு தடவ வந்தியளாமே."

உண்மையை ஒளிப்பது எனக்குக் கைவராது என்பது இதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி எதற்கு?

"எட்டு" என்றேன். "ரெண்டு தடவ அவரு கடையில இல்ல."

லைன் போய்விட்டது என்று நினைத்து போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"அப்பா, என்ன சொன்னிய?"

"ரெண்டு தடவ கடையில இல்லன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வால் கிழிந்த மீன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவரு" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் கண் மறைத்தது. அடுக்களையிலிருந்து பிரமு ஈரக்கையோடு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். மீன் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க போய்க் குளிங்க. அவ என்னைக்கு வாரான்னு நான் கேட்டுச் சொல்லுதேன்."